அரிக்கமேட்டுத் தொட்டியும் பாரிஸ் நகரத்துத் துணித் துண்டும்

புதுச்சேரிக்கு வரும் வெளியூர் அன்பர்கள் கடற்கரையையும் ஆயி மண்டபத்தையும் கண்டபின், அரசினர் பொருட்காட்சிச் சாலைக்குள்ளும் ஒரு நடை சென்று வருவது வழக்கம். 1983-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற சாலை அது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள், பிரெஞ்சுக் கனவான்களின் மேசை நாற்காலிகள், ஆள் தள்ளிச் செல்லும் புஸ்புஸ் வண்டி, கவர்னர் தூப்ளேக்ஸ் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கட்டில் ஆகியவற்றைச் சுற்றியே கூட்டம் நிற்கும். தூப்ளேக்ஸ் எந்தக் கட்டிலில் உறங்கினார் என்பது நெசவாளிக்கு அத்தனை முக்கியமான செய்தி அன்று. அவர் நின்று பார்க்க வேண்டியவை அரிக்கமேட்டுப் பொருள்கள் வைக்கப்பட்டுள்ள கண்ணாடிப் பேழைகளே.

அரிக்கமேடு நகருக்குத் தெற்கே சுமார் ஒரு காதத் தூரங்கூட இல்லாத ஆற்றங்கரை மேடு. அரியாங்குப்பம் ஆறு கரையை அறுக்குந்தோறும் அங்கே மணிகளும் பானை ஓடுகளும் வெளிப்படும். சிறுவர்கள் அவற்றைப் பொறுக்கி விளையாடுவர். பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரெய் 1937-ஆம் ஆண்டையொட்டி அம்மணிகளை விலைகொடுத்து வாங்கிச் சேர்த்து, இது பழைய ரோம வாணிபத் தலம் என்று எழுதினார். அப்போது அதைப் பெரிதாகக் கருதியவர் சிலரே.

அந்த நிலையை மாற்றியது ஓர் அலமாரி. 1851-இல் தொடங்கிய சென்னை அரசினர் பொருட்காட்சிச் சாலைக்கு, இந்தியத் தொல்பொருள் துறையின் தலைமை அதிகாரியாகப் புதிதாகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர் 1944-ஆம் ஆண்டில் வந்தார். அலமாரி ஒன்றில் கிடந்த உடைந்த ஜாடிக் கழுத்து அவர் கண்ணில் பட்டது. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து திராட்சை மதுவை நிரப்பி அனுப்பிய ஜாடியின் துண்டு என்று கண்டவுடனேயே அறிந்துகொண்டார். எங்கிருந்து வந்தது என்று வினவ, புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேடு என்று விடை வந்தது. உடனே புதுச்சேரிக்கு விரைந்தார். இங்குப் பொது நூலகத்தில் வைத்திருந்த ஓடுகளிடையே, இத்தாலி தேசத்து அரெஸ்ஸோ நகரில் வனைந்த சிவப்பு மெருகுப் பாண்டத்தின் துண்டுகளையும் கண்டார். யாரோ ஒருவர் ஓட்டை எறிந்துவிடாமல், கிடைத்த ஊரின் பெயரையும் குறித்து வைத்ததனாலன்றோ இது கூடிற்று! 1945-ஆம் ஆண்டில் அகழ்வு நடந்தது. பிறகு 1947 முதல் 1950 வரை கஸால் என்ற பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையாரும் தோண்டி ஆராய்ந்தனர்.

நம் தொழிலுக்கு உரிய செய்தி வீலரின் அகழ்வில்தான் வருகிறது. மேட்டின் வடபகுதியில் சுமார் 150 அடி நீளமுள்ள கட்டடம் ஒன்று வெளிப்பட்டது. அதைப் பண்டகசாலை என்றார். தென்பகுதியில் மதில் சூழ்ந்த முற்றங்களும், அவற்றினுள்ளே செங்கல்லால் கட்டிய தொட்டிகளும், நீர் வந்து வடிய ஒழுங்கான கால்வாய்களும் இருந்தன. இவை மெல்லிய துணிக்குச் சாயமேற்றிய தொட்டிகளாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் இதை அப்படியே ஒப்பவில்லை. தொட்டிக்கு வேறு உபயோகங்களும் உண்டு என்றனர். அந்த ஐயம் நியாயமானதே. ஆயினும் சோழர் தலைநகராகிய உறையூரில் 1960-களில் சென்னைப் பல்கலைக் கழகத்தார் நடத்திய அகழ்விலும் சாயத்தொட்டி என்று கருதத்தக்க ஒன்று கிடைத்திருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த கடற்பயணக் குறிப்பு உறையூர்த் துணியைச் சிறப்பித்துக் கூறுகிறது. அதே குறிப்பில் வரும் பொதுகே என்னும் துறையே அரிக்கமேடு என்பர் அறிஞர்.

தொட்டி கிடைத்தது, துணி எங்கே என்று நம் அங்கத்தினர் கேட்பது இயல்பு. பருத்தி நூல் நம் ஈர மண்ணில் நில்லாது. சில மழைக்காலத்துக்குள் மக்கிவிடும். பானை செய்த குயவனின் கைவேலை இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் பேழையில் இருக்கிறது. அவன் அண்டை வீட்டு நெசவாளியின் வேலை ஒரு முழங்கூட இல்லை. எகிப்து தேசத்தில், செங்கடற்கரையில் உள்ள பெரெனிகே துறைமுகத்தின் வறண்ட மணலில்தான் இந்தியப் பருத்தித் துணியின் கிழிசல்கள் அகப்பட்டுள்ளன.

புதுச்சேரியின் துணிக்கும் அத்தகைய ஒரு சாட்சி உண்டு. அது இருப்பதோ பாரிஸ் நகரத்து இயற்கை வரலாற்றுத் தேசியப் பொருட்காட்சிச் சாலையில். 1734-ஆம் ஆண்டளவில் பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி இங்குச் சாயக்காரர் அருகே அமர்ந்து, சீட்டித் துணிக்குச் சித்திரம் எழுதிச் சாயமேற்றும் முறையைப் படிப்படியாகக் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு படி முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டித் தம் ஏட்டோடு சேர்த்தார். அந்த ஏடும் துண்டுகளும் பாரிஸுக்குச் சென்று சேர்ந்தன.

அக்காலத்து முறையை நம் முதிய சாயக்காரர் கேட்டால் தலையசைப்பர். வெளுத்த துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவர். பால் இல்லாவிடில் எழுதும் நீர் துணியில் பரவிக் கோடு கலைந்துவிடும். துளையிட்ட காகிதத்தின் மீது கரித்தூள் தட்டிச் சித்திரத்தைத் துணியில் இறக்குவர். கறுப்புக் கோட்டுக்கு இரும்பைப் புளிக்கவைத்த நீர். சிவப்பு வரவேண்டிய இடத்துக்குப் படிகார நீர். பின்பு சாயவேரில் இட்டுக் காய்ச்சினால் படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பற்றி நிற்கும். நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவர். நீலத்தின் மேல் மஞ்சளைத் தீட்டினால் பச்சை. எட்டுத் தடவை வெளுத்தாலும் போகாத இந்தச் சிவப்புதான் ஐரோப்பியரை மயக்கிற்று.

மயக்கம் என்று சொல்வது மிகையன்று. தம் நாட்டு நெசவாளர் நசிந்துபோவர் என்று அஞ்சி, பிரெஞ்சு அரசாங்கம் 1686-இல் இத்துணியையே தடைசெய்தது. 1759-இல்தான் தடை நீங்கிற்று. 1760-இல் பாரிஸுக்கு அருகே ழூயி என்னும் ஊரில் ஓபர்காம்ப் என்பவர் அச்சுச் சீட்டித் தொழிற்சாலை தொடங்கினார். இடையில் 1742-இல் கேர்து பாதிரியார் இந்தச் சாயமுறையை விவரித்துத் தம் நாட்டுக்குக் கடிதம் எழுதினார். தொழிலறிந்தவர் வாயிலிருந்து கேட்டது அச்சேறிவிட்டது. ஏட்டில் எழுதியவர் பெயர் நிலைத்தது. சாயக்காரர்களின் பெயர் எங்கும் இல்லை. இது சற்று வருத்தம் தருவதே.

நிலத்தில் பயிரிடுவோருக்கும் இதில் பங்கு உண்டு. சாயவேர் கடற்கரை மணற்பாங்கில் விளைந்த செடி. அவுரி சாயத்தொட்டிக்கென்றே பயிராயிற்று. புதுச்சேரியைச் சுற்றிய கிராமங்களில் நெய்து நீலமேற்றிய 'கினே' என்ற துணி ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுக்குப் போய், அங்குப் பிசினுக்கு ஈடாகக் கைமாறியது. அந்தப் பிசினோ ஐரோப்பியச் சீட்டி அச்சுக்காரரின் சாயத்தைக் கெட்டிப்படுத்தப் பயன்பட்டது! 1868-இல் வேர்ச்சிவப்பின் சத்தை ஜெர்மானிய ரசாயன அறிஞர்கள் செயற்கையாகச் செய்தனர். 1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. சாயவேரும் அவுரியும் மெல்ல மெல்ல வயலைவிட்டு அகன்றன.

புதுச்சேரிச் சாலையில் கல்லும் செம்பும் மண்ணோடும் நிறைய இருக்க, இவ்வூர்த் துணியின் கதையை முழுமையாகக் காணப் பாரிஸைத் தேட வேண்டியிருப்பது குறைதான். அதைப் போக்க அரசினரை மட்டுமே நோக்கியிருக்க வேண்டுமென்பதில்லை. ஒவ்வொரு நெசவாளர் சங்கமும் தான் நெய்யும் ரகந்தோறும் ஒரு முழத் துணியை, நூல் நம்பர், இழை எண்ணிக்கை, சாயம், நெய்தவர் பெயர், தேதி ஆகியவற்றுடன் பூச்சி அரிக்காத பெட்டியில் வைக்கலாம். ரகத்துக்கு ஒரு முழந்தானே செலவு! கணக்குப் புத்தகத்தைக் காக்கும் அக்கறையில் பாதி போதும். நெய்தவர் பெயரை மட்டும் மறக்கலாகாது.

அரிக்கமேட்டுக்கு நேரிற் செல்வோருக்கு ஒரு வார்த்தை. அங்கே உயர்ந்து நிற்கும் செங்கற் சுவரைக் கண்டு ரோமர் கட்டியது என்று வழிகாட்டுவோர் சொல்வதுண்டு. அது பதினெட்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவப் பாதிரிமார் மடத்தின் எஞ்சிய பகுதி. ஓடுகளும் மணிகளும் மண்ணில் தட்டுப்பட்டால் எடுத்துவருதல் கூடாது. இடம் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கே பார்க்க அதிகமில்லை. முதலில் நகரத்துப் பேழைகளைப் பார்த்துவிட்டு, மாலை வெயில் தாழ்ந்தபின் ஆற்றங்கரைக்குப் போவதே உசிதம்.