கணக்கில் ஏறாத மூலதனம்

வெளியாரை அழைத்து யோசனை கேட்பது நமது சங்கங்களில் பலருக்கு விருப்பமில்லை. "தறியில் உட்கார்ந்து அறியாதவர் நமக்கு என்ன சொல்லிவிடப் போகிறார்?" என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. அதற்கு விடையாக, ஆய்வுக்குச் சென்ற இடத்தில் நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியை அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம்.

ஒரு நெசவாளர் சங்கத்தில் பருத்திச் சேலைகள் கிடங்கில் தேங்கின, கூலி நிலுவையாயிற்று. விலையைக் குறைத்தால் விற்றுவிடும் என்று நிர்வாகக் குழுவினர் எண்ணினர். கணக்குப் புத்தகங்களை மட்டும் பார்த்த நாமும் அவ்வாறே கருதினோம். இறுதியில் ஓர் ஆலோசகரை அமர்த்தினர். முதல் வாரம் அவர் யோசனை ஏதும் கூறவில்லை. தறிகளையும் சாயப்பட்டறையையும் பார்த்தார். சேலை வாங்குவதை நிறுத்திய கடைக்காரர்களை விசாரித்தார். பின்னரே, "குறை விலையில் இல்லை, சாயம் போகிறது" என்றார். செலவை மிச்சப்படுத்த, சாயமிட்ட நூலைக் கொதிக்கும் சோப்பு நீரில் அலசும் வேலையைப் பட்டறையில் சுருக்கியிருந்தனர். நூலில் பிடிக்காத சாயம் முதல் சலவையிலேயே வெளிவந்தது.

கசப்பான இச்சொல்லைக் குழுவினர் ஏற்றது ஏன்? அவர் தமது ஊதியத்தை முன்னரே எழுத்தில் வரையறுத்திருந்தார். நூல், சாய வியாபாரிகளிடம் தரகு பெறுவதில்லை என்றும் அதில் கண்டிருந்தது. சங்கத்தின் கணக்கை அவர் வெளியே பேசவில்லை. முடிவைப் பேரவைக்கே விட்டார்.

சாயம் போன சேலைகளைச் சங்கம் மாற்றிக் கொடுத்தது. அவ்வாண்டு நஷ்டமே. ஆயினும் விலகிய கடைக்காரர்கள் திரும்பி வந்தனர். கூலி நிலுவையும் படிப்படியாகத் தீர்ந்தது. ஆலோசகர் குழுவினரிடம் பெற்ற நம்பிக்கையைச் சங்கம் வாடிக்கையாளரிடம் பெற்றது.

இது புதிய பாடமன்று. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844-ஆம் ஆண்டு கடை திறந்த கூட்டுறவு முன்னோடிகளுள் நெசவாளரும் இருந்தனர். கலப்படமற்ற மாவும் வெண்ணெயும், குறையாத எடையுமே அவர்களுக்கு வாடிக்கையைச் சேர்த்தன.

பயிரிடுவோருக்கும் இது பொருந்தும். உரம் விற்பவரே எவ்வளவு உரம் வேண்டும் என்றும் கூறுவாராயின், முதலில் மண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நலம். நெசவாளருக்குச் சாயத்திலும் வடிவமைப்பிலும் வழிகாட்ட, 1956 முதல் நடைபெற்றுவரும் அரசின் நெசவாளர் சேவை மையங்களும் உள்ளன.

ஆகவே, ஆலோசகரை அமர்த்துமுன் அவருக்கு ஊதியம் யார் தருகிறார் என்று கேளுங்கள். அமர்த்தியபின் எதையும் மறையாது காட்டுங்கள். நம்பிக்கை என்னும் மூலதனம் ஐந்தொகையில் ஏறுவதில்லை. ஆனால் அது குறைந்தால், ஐந்தொகையில் உள்ள யாவும் குறையும்.