விரியும் வட்டம்

கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்டோயிக் தத்துவவாதி ஹைரோக்ளிஸ், மனிதனின் அறவாழ்வை ஒன்றைச் சுற்றி ஒன்றாக அமைந்த வட்டங்களாகக் காட்டினார். நடுவில் அவனுடைய மனமும் உடலும். அடுத்ததில் பெற்றோர், உடன்பிறந்தோர், மனைவி, மக்கள். அதன்பின் மற்ற உறவினர், ஊரார், நாட்டார். கடைசி வட்டத்தில் மனித இனம் முழுவதும். வெளிவட்டத்தில் இருப்பவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொள்வதே நல்லவன் செய்ய வேண்டியது என்றார். அதற்கு அவர் சொன்ன பயிற்சிகளில் ஒன்று பேச்சைப் பற்றியது. ஒன்றுவிட்ட சகோதரரைச் சகோதரர் என்றே அழைக்க வேண்டும். அப்பாவின் உடன்பிறந்தவரையும் அப்பா என்றே அழைக்க வேண்டும். பெரியப்பா, சித்தப்பா என்று கூப்பிட்டே வளர்ந்த தமிழருக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை.

ஹைரோக்ளிஸ் சொன்னது தனிமனிதனுக்கு. ஒரு சமூகமே இப்படி விரியும் என்று 1869இல் எழுதியவர் அயர்லாந்து வரலாற்றாசிரியர் வில்லியம் லெக்கி. அன்பின் எல்லை குடும்பத்தில் தொடங்கி வர்க்கம், தேசம், மனிதகுலம் எனப் பரவி, கடைசியில் விலங்குகளையும் தொடுகிறது என்பது அவர் கண்ட வரலாறு. இரண்டே ஆண்டுகளில் டார்வினும் ஏறத்தாழ இதையே சொன்னார். லெக்கியின் சொற்றொடரையே தலைப்பாக்கி, ஆஸ்திரேலியத் தத்துவவாதி பீட்டர் சிங்கர் 1981இல் ‘விரியும் வட்டம்’ என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார்.

வட்டம் ஏன் விரிகிறது? சிங்கரின் விடை உயிரியலில் தொடங்குகிறது. பிள்ளைகளையும் உறவினரையும் காப்பது, உதவியவருக்குத் திரும்ப உதவுவது ஆகிய இரண்டும் பரிணாமம் தந்த இயல்புகள். வட்டத்தை அதற்கு அப்பால் தள்ளுவது பகுத்தறிவு. ஊர்க்கூட்டத்தில் ஒருவன் விளைச்சலில் கூடுதல் பங்கு கேட்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். ‘எனக்கு வேண்டும்’ என்றால் யாரும் ஏற்க மாட்டார்கள். ‘நான் அதிகம் உழைத்தேன்’ என்றால் காது கொடுப்பார்கள். ஆனால் அப்படிச் சொன்ன கணமே, அவனளவு உழைத்த இன்னொருவனுக்கும் அதே பங்கு உண்டு என்று அவன் ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. தன்னலத்துக்காகத் தேடிய நியாயம் பொது நியாயமாகிறது. பிறகு, ‘அவன் வேறு இனம்’ என்பதும் ‘அவன் நானல்ல’ என்பதைப் போலவே வெறும் சாக்கு என்று தெரியத் தொடங்கும். பகுத்தறிவை நகரும் படிக்கட்டுக்கு ஒப்பிட்டார் சிங்கர்: கால் வைத்தபின் எங்கே போய் நிற்போம் என்பது நம் கையில் இல்லை. வலியை உணரக்கூடிய விலங்குகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1975இலேயே அவர் வாதிட்டிருந்தார்.

உளவியலில் இதற்கு இணையான ஏணியை லாரன்ஸ் கோல்பெர்க் கட்டினார். தண்டனைக்கு அஞ்சுவது, ஊர் மெச்ச நடப்பது, சொந்தக் கொள்கைக்குக் கட்டுப்படுவது என அறவுணர்வு படிப்படியாக முதிர்கிறது என்பது அவர் கோட்பாடு. சிறுவர்களை மட்டுமே ஆராய்ந்து வகுத்த இந்த அளவுகோல், பெண்கள் முதன்மைப்படுத்தும் பரிவையும் பொறுப்பையும் குறைத்து மதிப்பிடுகிறது என்று 1982இல் கரோல் கில்லிகன் சுட்டிக்காட்டினார். நியாயமான குறைதான்.

சிங்கரின் மாதிரியில் உள்ள குறை இன்னும் பெரியது. படிக்கட்டு தானாகவே நகர்வதாக அது எண்ண வைக்கிறது. பிரிட்டனின் அடிமை வணிக ஒழிப்பைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 1787இல் லண்டனில் 12 பேர் அதற்காகச் சங்கம் அமைத்தனர். அவர்களில் 9 பேர் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர். மறு ஆண்டு, புரூக்ஸ் என்ற கப்பலில் மனிதர்கள் அடுக்கப்பட்ட விதத்தைக் காட்டும் படம் அச்சாகிப் பரவியது. 1789இல், அடிமையாக இருந்து மீண்ட ஒலாவ்டா எக்வியானோ தன் வாழ்க்கைக் கதையை வெளியிட்டார். நியாயம் எல்லாருக்கும் புரியும்படி சொல்லப்பட்டுவிட்டது. ஆனாலும் 1791இல் ஒழிப்புத் தீர்மானம் நாடாளுமன்றத்தில் 163க்கு 88 என்று தோற்றது. அடிமைகள் விளைவித்த சர்க்கரையைக் குடும்பங்கள் புறக்கணித்தன. லட்சக்கணக்கானோர் மனுக்களில் கையெழுத்திட்டனர். ஹெய்ட்டியில் அடிமைகளே ஆயுதம் ஏந்தினர். வணிகத்துக்குத் தடை 1807இல்தான் வந்தது. வட்டத்தின் நடுவில் இருந்தவர்கள் வாதிட்டார்கள் என்பது பாதிதான். வெளியே நின்றவர்கள் கோட்டைத் தள்ளினார்கள் என்பது மறுபாதி.

வட்டம் சுருங்கவும் செய்யும். படிப்பிலும் அறிவியலிலும் முன்னணியில் இருந்த ஜெர்மனி 1935இல் நியூரம்பர்க் சட்டங்களால் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தது.

விரிந்த பின்னும் கோணல் எஞ்சும். 1833ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. மறு ஆண்டே மொரீஷியஸ் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். பின்னாளில் அப்படிப் போனவர்களில் தமிழர் பலர். அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு அரசு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அதற்காக வாங்கிய கடன் 2015இல்தான் அடைந்தது. விடுதலை பெற்ற அடிமைகளுக்கு இழப்பீடாக எதுவும் தரப்படவில்லை.