கடல் வழி வந்த வேற்றுமை உருபு

புத்தளம் நகரை அடுத்த சிறாம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். இன்று வீட்டில் பேசுவது சிங்களம். ஆனால் தாளம் தட்டி மஞ்ஞா பாட்டைத் தொடங்கினால் வாயில் வருவது போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்புமொழி. பேச்சிலிருந்து நழுவிய மொழி பாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1505இல் வந்த போர்த்துக்கேயரின் ஆட்சி 1658இல் முடிந்தது. அவர்கள் போன பிறகும் இலங்கையில் அந்தக் கிரியோல் வாழ்ந்தது. மட்டக்களப்புப் பறங்கியர் பேச்சில் அதை ஆராய்ந்தவர் மொழியியலாளர் இயன் ஸ்மித். சொற்கள் போர்த்துக்கேயம், வாக்கியம் கட்டும் முறையோ நம்முடையது. வினை கடைசியில் வரும். போர்த்துக்கேயத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும் 'பாரா' தேய்ந்து 'ப' ஆகி, நமது 'கு' உருபைப் போலப் பெயரின் வாலில் ஒட்டியது. இந்த இலக்கணத்தை யாரும் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கவில்லை. அடுப்படியிலும் சந்தையிலும் பேசிப் பேசியே அது உருவானது.

போர்த்துக்கேயத்தின் உடன்பிறப்பான ஸ்பானியத்தைக் கற்பிப்போரில் சிலரும் இப்போது இந்த வழியையே நாடுகிறார்கள். முன்பெல்லாம் 'அப்லோ, அப்லாஸ், அப்லா' என்று வினை வாய்பாட்டை ஒப்புவித்தால்தான் வாக்கியத்துக்குப் போகலாம். அமெரிக்காவில் போனி அடேர்-ஹாக், ரிச்சர்ட் டொனாட்டோ ஆகியோர் வகுத்த முறையில் முதலில் முழுக் கதை வரும். அதில் திரும்பத் திரும்ப வரும் வடிவத்தை மாணவர் கவனிப்பார்கள். விதியை ஆசிரியரோடு சேர்ந்து கண்டுபிடிப்பார்கள். பிறகு தாங்களே பேசிப் பார்ப்பார்கள்.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்த முறை இன்னும் நன்றாகப் பொருந்தும். மேசை ஸ்பானியத்தில் 'மேசா', சப்பாத்து 'சபாத்தோ', பாண் 'பான்', குசினி 'கொசினா'. இப்படிச் சில சொற்கள் ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன! இலக்கணமும் அப்படித்தான். கற்பிட்டிக் கரையில் மீன் வாங்கும் காட்சி ஒன்றைக் கதையாகச் சொல்லலாம். 'மே குஸ்தா எல் பெஸ்காதோ' என்றால் எனக்கு மீன் பிடிக்கும். ஆங்கிலம் வழியாக வருபவரைத் திணறவைக்கும் இந்த அமைப்பு, 'எனக்கு' என்று சொல்லி வளர்ந்தவருக்குப் பழகியது. இறால் என்று பன்மையில் வந்தால் 'குஸ்தான்' ஆகும். நமது 'பிடிக்கும்' மாறாது. அந்த ஒரு 'ன்' எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

இன்னொன்று இதைவிட அழகு. 'மீன் வாங்குகிறேன்' என்பதற்கு 'ஐ' தேவையில்லை. 'மரியா தேடுகிறேன்' என்று யாரும் சொல்வதில்லை, 'மரியாவை' என்றே ஆகவேண்டும். ஸ்பானியமும் 'கொம்ப்ரோ பெஸ்காதோ' என்று மீனைச் சும்மா விட்டுவிட்டு, 'புஸ்கோ அ மரியா' என்று மனிதருக்கு 'அ' சேர்க்கிறது. கிரியோலின் 'ப'வும் மனிதரைக் குறிக்கும் செயப்படுபொருளில் ஒட்டிக்கொள்ளும்.

'இரு' என்ற ஒரே பொருளுக்கு ஸ்பானியத்தில் இரண்டு வினைகள் இருப்பதுதான் மாணவருக்குப் பெரிய குழப்பம். அதைத் தெளிவாக்கப் புத்தளத்திலேயே காட்சி இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் இந்தக் கரையில்தான் தஞ்சமடைந்தார்கள். எந்த ஊர் என்று கேட்டால் அவர்களில் ஒருவர் சொல்லக்கூடிய விடையில் இரண்டு வினைகளும் வந்துவிடும்: 'சோய் தே மன்னார், எஸ்தோய் என் புத்தளம்.' நான் மன்னார் ஆள், புத்தளத்தில் இருக்கிறேன்.