நாலு மணி நேரத்தில் ஒரு நாடகம்! மேடை இல்லை, வேடம் இல்லை, பகடை மட்டும் உண்டு

கூத்து என்றால் என்ன என்று தர்மபுரி மாவட்டத்துக் கிராமங்களில் யாருக்கும் விளக்கத் தேவை இல்லை.

திரௌபதி அம்மன் கோவில் திருவிழா வந்தால் பாரதக் கூத்து நடக்கும். இரவு தொடங்கி விடிய விடிய ஆடுவார்கள். அர்ச்சுனன் தபசு என்றால் அர்ச்சுனன் தபசு. கர்ண மோட்சம் என்றால் கர்ண மோட்சம். பொழுது விடிவதற்குள் அன்றைய கதை முடிந்தாக வேண்டும். "கர்ணன் நாளைக்குச் சாவான், இன்று போய் வாருங்கள்" என்று கூத்து வாத்தியார் சொல்ல முடியுமா?

இதே கட்டாயத்தோடு நடக்கும் ஒரு விளையாட்டு வெளிநாடுகளில் பிரபலமாக இருக்கிறது. அங்கே விடிய விடிய நேரம் கிடையாது. நாலே மணி நேரம்தான்! அதற்குள் ஒரு கதை தொடங்கி, வளர்ந்து, முடிந்துவிட வேண்டும்.

என்ன விளையாட்டு?

ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். ஒருவர் வீரன். ஒருவர் வைத்தியர். ஒருவர் திருடன்.

வேடம் கட்ட வேண்டாம். எழுந்து ஆட வேண்டாம். வாயால் சொன்னால் போதும். "நான் மதில் மேல் ஏறுகிறேன்" என்றால் அவர் ஏறுகிறார் என்று பொருள்.

இவர்களுக்கு எதிரே ஒருவர் இருப்பார். அவர்தான் ஆட்டத்தை நடத்துகிறவர். ஆங்கிலத்தில் கேம் மாஸ்டர் என்பார்கள். நம் ஊர்க் கணக்கில் அவர்தான் வாத்தியார், அவரேதான் கட்டியக்காரன். இடத்தை வர்ணிப்பார். எதிரியாகப் பேசுவார். "மதில் வழுக்குகிறது. மேலே காவல்காரன் வருகிறான். என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பார்.

மதில் ஏறினாரா, விழுந்தாரா? அதைப் பகடை சொல்லும்.

பகடை என்றதும் பெற்றோர்கள் பயப்பட வேண்டாம். இதில் பணயம் இல்லை. காசு வைத்து ஆடும் ஆட்டமும் அல்ல. துரியோதனன் சபையில் உருண்ட பகடை வேறு. இந்தப் பகடை வேறு. ஜெயித்தவர், தோற்றவர் என்ற பேச்சே பெரும்பாலும் கிடையாது. எல்லோரும் ஒரே கட்சி.

தோல்வியில் பிறந்தது

இந்த விளையாட்டு பிறந்த விதமே ஒரு வேடிக்கை.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் சிலர் பொம்மைப் படைகளை வைத்துப் போர் ஆட்டம் ஆடி வந்தார்கள். அவர்களில் ஒருவர் டேவிட் வெஸ்லி. 1969-ல் அவர் ஒரு புதுமை செய்தார். பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து ஓர் ஆட்டம் அமைத்தார். படைத் தளபதி வேலை மட்டும் போதாது என்று, ஊர்த் தலைவர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆளுக்கு ஒரு பாத்திரம் கொடுத்தார்.

என்ன ஆயிற்று? வந்தவர்கள் படையை மறந்தார்கள். மூலைக்கு மூலை கூடி ரகசியம் பேசினார்கள். பேரம் பேசினார்கள். எல்லாம் ஒரே குழப்பம். ஆட்டம் தோல்வி என்றே வெஸ்லி நினைத்தார்.

ஆனால் ஆடியவர்கள், "இன்னொரு முறை எப்போது?" என்று கேட்டார்கள்!

அந்தக் கூட்டத்தில் இருந்தவர் டேவ் ஆர்னசன். அவர் அந்தப் பாதையிலேயே போய் மாயாஜாலக் கதைகளை ஆடினார். பிறகு விஸ்கான்சின் மாநிலத்து கேரி கைகாக்ஸ் அவருடன் சேர்ந்தார். 1974-ல் இருவரும் "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள். முதலில் அச்சிட்டது ஆயிரம் பெட்டிகள்தான். இன்று அதன் பெயர் உலகம் எங்கும் தெரியும்.

திருவிழாவில் என்ன கஷ்டம்?

வீட்டில் நண்பர்கள் ஆடினால் கதை மாதக்கணக்கில் போகலாம். வாரம் ஒரு நாள் கூடி, விட்ட இடத்தில் தொடங்கலாம்.

விளையாட்டுத் திருவிழாவில் அப்படி முடியாது.

இந்தத் திருவிழாக்களில் புகழ் பெற்றது ஜென்கான். 1968-ல் லேக் ஜெனிவா என்ற சிற்றூரில், ஒரு மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, கைகாக்ஸ்தான் அதைத் தொடங்கினார். வந்தவர்கள் சுமார் நூறு பேர். இப்போது அது இண்டியானாபோலிஸ் நகரில் நடக்கிறது. 2023-ல் அங்கே கூடியவர்கள் 70 ஆயிரத்துக்கும் மேல்!

அங்கே ஒரு மேசையில் உட்காரும் ஆறு பேர் ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்தவர்கள் அல்ல. நாலு மணி நேரம் கழித்து அவரவர் வழியில் போய்விடுவார்கள். மறுபடி கூட மாட்டார்கள். ஆகவே ஒரே அமர்வில் கதை முடிய வேண்டும். இதற்கு "ஒன் ஷாட்" என்று பெயர்.

1975-ல் பால்டிமோர் நகரில் ஒரிஜின்ஸ் என்ற திருவிழா நடந்தது. அதற்காகக் கைகாக்ஸ் ஒரு பயங்கரக் கல்லறைக் கதையை அமைத்தார். பல குழுக்கள் அதே கல்லறைக்குள் தனித்தனியே புகுந்தன. யார் அதிக தூரம் போனார்கள் என்று போட்டி. 1978-ல் அந்தக் கதை அச்சில் வந்தது. இப்போது நடக்கும் ஆட்டங்களில் பெரும்பாலும் போட்டி கிடையாது. நல்ல கதை அமைய வேண்டும் என்பதே நோக்கம்.

தகடூரில் ஓர் இரவு

ஒரே அமர்வு ஆட்டத்தை எப்படித் தயார் செய்வது? நம் ஊர்க் கதை ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தவன் அவன். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து தகடூரை வென்றான் என்பது சங்க நூல்கள் சொல்லும் செய்தி.

இதன் மேல் ஒரு கற்பனை கட்டுவோம். கோட்டைக்கு வெளியே சேரன் படை. உள்ளே ஆறு பேர். அப்படிப்பட்ட கனி இன்னும் ஒன்றே ஒன்று இருக்கிறது. விடிவதற்குள் அதைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால், யாருக்குக் கொடுப்பது?

இதுதான் கதை. இரண்டு வரியில் சொல்ல முடிகிறது அல்லவா? ஒரே அமர்வுக் கதை அப்படித்தான் இருக்க வேண்டும். வந்தவர் உட்கார்ந்த உடனே, "நமக்கு என்ன வேலை?" என்பது புரிய வேண்டும்.

ஆறு பேர், ஆறு சீட்டு

பாத்திரங்களை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். வந்தவர்களை எழுதச் சொன்னால் அதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

ஒரு பாத்திரத்துக்கு ஒரு சீட்டு. சீட்டில் நாலு விஷயம் போதும். பெயர், கைவந்த தொழில், ஓர் ஆசை, ஒரு ரகசியம்.

கோட்டைக் காவலன் பலசாலி. மருத்துவச்சிக்குக் கனி இருக்கும் மலைப்பிளவு தெரியும். உப்பு வணிகனுக்குச் சுரங்க வழி தெரியும். பாணன் பாடினால் பகைவரும் கேட்பார்கள். இளம் வீரன் ஓட்டத்தில் கெட்டிக்காரன். அவன் தகப்பன் காயம்பட்டுக் கிடக்கிறான். சமையல்காரிக்கு ஒரு ரகசியம் தெரியும்: களஞ்சியத்தில் தானியம் தீர்ந்துவிட்டது!

பாருங்கள், ஒருவரை விட்டு ஒருவர் காரியம் செய்ய முடியாது. ஆறு பேரும் தேவைப்படுகிறார்கள். எந்தச் சீட்டை எடுத்தாலும் அவருக்கு ஒரு முக்கியமான கட்டம் இருக்கிறது. வெறுமனே வேல் பிடித்து நிற்கும் பாத்திரத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

மூன்றே காட்சிகள்

கதையை மூன்று காட்சிகளாகப் பிரிக்க வேண்டும்.

முதல் காட்சி மதில். "நடு இரவு. வெளியே யாரோ முனகும் சத்தம். நம் ஆளா, பகைவனின் தந்திரமா? கதவைத் திறப்பீர்களா?" இப்படி நேராகச் சம்பவத்தில் தொடங்க வேண்டும். அதியமானின் வம்ச வரலாற்றை அரை மணி நேரம் சொன்னால் ஆட வந்தவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

இரண்டாம் காட்சி சுரங்கமும் மலையும். இங்கே ஆபத்துகள், தந்திரங்கள், சிரிப்பு எல்லாம் வரலாம்.

மூன்றாம் காட்சி விடியற்காலை. கனி கையில் இருக்கிறது. அரசன் காயம்பட்டிருக்கிறான். இளம் வீரனின் தகப்பன் சாகக் கிடக்கிறான். ஒரு குழந்தைக்கு ஜுரம். யாருக்குக் கனி?

இதற்கு விடையை எழுதி வைக்கவே கூடாது. கேள்விதான் ஆட்டம் நடத்துகிறவருடையது. விடை ஆடுகிறவர்களுடையது. "நான் நினைத்தபடிதான் முடிய வேண்டும்" என்று நடத்துகிறவர் பிடிவாதம் பிடித்தால், ஆறு பேரும் பொம்மைகள் ஆகிவிடுவார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கதை நகர்வதற்குத் தேவையான செய்தியைப் பகடைக்குப் பின்னால் ஒளித்து வைக்கக் கூடாது. பகடை சரியாக விழாவிட்டால் சுரங்க வழி தெரியாது என்று வைத்தால், கதை அங்கேயே படுத்துவிடும். வழி தெரியட்டும். வழியில் என்ன நஷ்டம் என்பதைப் பகடை சொல்லட்டும்.

பகடை விதியும் எளிதாக இருக்கலாம். ஆறு முகப் பகடை ஒன்று போதும். 5, 6 விழுந்தால் வெற்றி. 3, 4 விழுந்தால் வெற்றிதான், ஆனால் ஒரு சங்கடம் கூடவே வரும். 1, 2 விழுந்தால் காரியம் கெட்டது. பத்து நிமிஷத்தில் யாருக்கும் புரியும்.

கடிகாரமே எஜமான்

நாலு மணி நேரம் என்பது 240 நிமிஷம். அதை வீட்டுச் செலவு போல முன்பே கணக்கிட வேண்டும்.

அறிமுகமும் விதிகளும் 15 நிமிஷம். முதல் காட்சி 50. இரண்டாம் காட்சி 75. காபி குடிக்க 10. மூன்றாம் காட்சி 60. முடிவுரை 15. மீதி 15 நிமிஷத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். அது கட்டாயம் செலவாகும்!

நேரம் ஓடிவிட்டால்? எதை வெட்டலாம் என்று முன்பே குறித்து வைக்க வேண்டும். சுரங்கத்தில் பாம்பு வருவதை வெட்டலாம். விடியற்காலைக் கேள்வியை வெட்டக் கூடாது. கூத்தில் கட்டியக்காரன் பேச்சை நீட்டலாம், குறைக்கலாம். துரியோதனன் படுகளத்தை விட்டுவிட முடியுமா?

பேசாத பிள்ளை

இந்த விளையாட்டில் மிகக் கடினமான வேலை பூதத்தை வெல்வது அல்ல. பேசாமல் உட்கார்ந்திருப்பவரைப் பேச வைப்பதுதான்.

எந்த மேசையிலும் ஒருவர் எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்வார். இன்னொருவர் தலை குனிந்தே இருப்பார். நாலு மணி நேரமும் அவர் அப்படியே இருந்துவிட்டால், கதை எவ்வளவு நன்றாக முடிந்தாலும் அந்த ஆட்டம் தோல்வி. அவருக்கு மறு வாய்ப்பு கிடையாது.

அதற்கு வழி உண்டு. "யாராவது சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்கக் கூடாது. "சமையல்காரியே, களஞ்சியத்தைத் திறக்கச் சொல்கிறார்கள். சாவி உன் இடுப்பில் இருக்கிறது. கொடுக்கிறாயா?" என்று பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆம், இல்லை என்று ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லுக்காகக் கதையே திரும்ப வேண்டும். பிறகு பாருங்கள், அடுத்த முறை அவரே வாய் திறப்பார்.

தன் பெயரில் பேசக் கூச்சப்படும் பிள்ளை, பாத்திரத்தின் பெயரில் பேசிவிடும். கூத்தில் கிரீடம் ஏறியதும் குரல் ஏறுவதில்லையா? அதே சங்கதிதான்.

யார் மனமும் நோகக் கூடாது

புதியவர்கள் கூடும் இடத்தில் யாருக்கு என்ன துக்கம் இருக்கும் என்பது தெரியாது. கதையில் வரும் மரணம் ஒருவருக்குத் தன் வீட்டு மரணத்தை நினைவூட்டலாம்.

அமெரிக்கரான ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் இதற்கு ஒரு வழி செய்தார். பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டையை மேசை நடுவில் வைப்பது. மனம் நோகும்படி ஏதாவது வந்தால் அட்டையைத் தொட்டால் போதும். அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுக் கதை வேறு பக்கம் போகும். காரணம் யாரும் கேட்கக் கூடாது.

1980-களில் அமெரிக்காவில் சில பெற்றோர்கள் இந்த விளையாட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், தற்கொலை செய்துகொள்வார்கள் என்று பயந்தார்கள். பெரிய கூச்சலே எழுந்தது. பின்னர் ஆராய்ந்து பார்த்தவர்கள் அந்தப் பயத்துக்கு ஆதாரம் காணவில்லை.

செலவு எவ்வளவு?

ஒரு பகடை, ஆறு சீட்டு, ஆறு பென்சில், ஒரு கடிகாரம். மேசை இல்லாவிட்டால் திண்ணை போதும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் ஆடலாம். சீட்டில் நாலு வரிதானே! படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பேரன் படித்துச் சொன்னால், பாட்டியே மருத்துவச்சி ஆகலாம்.

முதல் முறை வீட்டிலேயே ஆடிப் பார்க்க வேண்டும். எங்கே இழுக்கிறது, எங்கே ருசிக்கிறது என்பது அப்போது தெரியும். அதற்குப் பிறகு பள்ளி விழாவிலோ, ஊர்ப் பொது இடத்திலோ நடத்தலாம்.

வரும் விடுமுறையில் ஒரு நாள் ஆறு பேரைக் கூட்டுங்கள். கோட்டைக்கு வெளியே படை நிற்கிறது. கனி ஒன்றுதான். யாருக்குக் கொடுப்பது என்பதில் உங்கள் வீட்டில் உள்ளவர்கள் ஒரே கருத்து உடையவர்களா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்!