கேரம் பலகையில் ஒரு கணக்கு

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் ஒரு வீடு. விடுமுறை நாளில் அக்காவும் தம்பியும் கேரம் விளையாடிக்கொண்டிருந்தனர். ஸ்ட்ரைக்கர் பட்டு விரைந்த வெள்ளைக் காய், கறுப்புக் காயின் ஓரத்தில் மோதியது. இரண்டும் வெவ்வேறு பக்கம் விலகிச் சென்றன.

"நேராகத்தானே சென்றது, அக்கா! பிறகு ஏன் இரண்டும் இப்படிப் பிரிந்தன?" என்று தம்பி வினவினான்.

பதினோராம் வகுப்பில் பயிலும் அக்கா, பவுடரின்மேல் மங்கலாகப் பதிந்த தடங்களைக் காட்டினாள். "உன் குறிப்பேட்டின் மூலையை இவற்றுக்கு இடையே வைத்துப் பார்" என்றாள். கோணம் ஏறத்தாழச் செங்கோணமாக இருந்தது. தம்பி வியந்தான்.

மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் மாறாது. உந்தத்திற்குத் திசையும் உண்டு. ஆதலால் முன்னோக்கிய கூறு, பக்கவாட்டுக் கூறு என இரண்டாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும். மீட்சி மோதலில் மொத்த இயக்க ஆற்றலும் மாறாது.

வெள்ளைக் காய் நொடிக்கு 50 செ.மீ. வேகத்தில் வந்து, நின்றிருந்த கறுப்புக் காயில் மோதியது எனக் கொள்வோம். பின்னர்க் கறுப்புக் காயின் வேகம் 40 எனில், வெள்ளைக் காயின் வேகம் என்ன? காய்களின் நிறை சமம். ஆகவே, ஆற்றல் விதிப்படி 50² − 40² = 30²; விடை 30.

இனி உந்தத்தைச் சரிபார்ப்போம். கறுப்புக் காயின் முன்னோக்கிய வேகம் 32, பக்கவாட்டு வேகம் 24. வெள்ளைக் காய்க்கு முறையே 18, 24. முன்னோக்கியவை கூடி 50 ஆகின்றன. பக்கவாட்டு வேகங்கள் எதிரெதிர்த் திசையில் அமைவதால் ஒன்றையொன்று நீக்குகின்றன. 30, 40, 50 ஆகியவை பிதாகரசின் செங்கோண முக்கோணப் பக்கங்கள் அல்லவா? செங்கோணம் தோன்றிய காரணம் அதுவே.

ஸ்ட்ரைக்கர் காயைவிடக் கனமானது. எனவே ஸ்ட்ரைக்கரும் காயும் மோதும்போது இவ்விதி பொருந்தாது.

"அப்படியானால், நம் தடங்களில் கோணம் சற்றுக் குறைந்தது ஏன்?" என்றான் தம்பி.

"மோதியபோது 'டக்' என்று கேட்டதே, அந்த ஓசைக்கும் ஆற்றல் வேண்டாமா? சிறிது ஆற்றல் ஓசையாகவும் வெப்பமாகவும் மாறியது" என்றாள் அக்கா.

சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் கேரத்தில் இருமுறை உலக வாகையர் பட்டம் வென்று, அர்ஜுனா விருதும் பெற்றவர். இத்தகைய வீரர்கள் இக்கோணங்களைக் கண்ணாலேயே அளந்துவிடுகின்றனர்.

அருஞ்சொற்பொருள்
உந்தம் – நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது
மீட்சி மோதல் – இயக்க ஆற்றல் குறையாத மோதல்
வாகையர் – வெற்றி பெற்றவர்

வினாக்கள்
1. உந்தத்தை இரு கூறுகளாகப் பிரிப்பது ஏன்?
2. கோணம் செங்கோணத்தைவிடச் சற்றுக் குறைந்தது ஏன்?
3. வந்த காயின் வேகம் 13, மோதிய பின் ஒரு காயின் வேகம் 12 எனில், மற்றதன் வேகம் என்ன?