வளைவில் பிறக்கும் வெளிச்சம்

மழைக்காலத்தில் மட்கார்டு இல்லாத சைக்கிளை ஓட்டியிருக்கிறீர்களா நண்பர்களே? சக்கரத்தில் ஒட்டிய சேறு வட்டத்தை விட்டு நேராகத் தெறித்து, நம்ம சட்டை முதுகில் கோலம் போட்டுவிடும். சிங்க்ரோட்ரான் என்ற எந்திரத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். ஆனால் அங்கே தெறிப்பது சேறு அல்ல, ஒளி!

எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு முடுக்கி, வெற்றிடக் குழாய்க்குள் சுற்றவிடுகிறார்கள். நேராக ஓடப் பார்க்கும் அவற்றைக் காந்தங்கள் பிடித்து வளைக்கின்றன. சும்மா வளையுமா எலக்ட்ரான்? வளைவுதோறும் தன் சக்தியில் கொஞ்சத்தை ஒளியாக உதிர்க்கிறது. அந்த ஒளி நாலாபக்கமும் சிதறாமல், ஓடும் திசையிலேயே டார்ச் லைட் போலக் குவிந்து பாய்கிறது. அகச்சிவப்பு முதல் எக்ஸ்ரே வரை எல்லாம் அதில் உண்டு. இழந்த சக்தியை ரேடியோ அலைகள் ஈடுகட்டிவிடும். வட, தென் துருவங்களை மாற்றி மாற்றி அடுக்கிய காந்த வரிசைக்குள் எலக்ட்ரானைப் பாம்பு போல நெளியவிட்டால், வெளிச்சம் இன்னும் பல மடங்கு கூடும்.

இந்த ஒளியை முதலில் கண்டது யார் தெரியுமா? 1947 ஏப்ரல் 24. அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில், ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடம். எந்திரத்தில் அவ்வப்போது தீப்பொறி வருகிறதோ என்று சந்தேகம். ப்ளாய்ட் ஹேபர் என்ற டெக்னீஷியனிடம், கான்கிரீட் சுவருக்கு அப்பால் என்ன நடக்கிறதென்று கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். குழாய்க்குள் பளீரென்று வெளிச்சம்! 'எந்திரத்தை நிறுத்துங்கள்' என்று அவர் சைகை காட்டினார். வெற்றிடமோ நன்றாகவே இருந்தது. விஞ்ஞானிகள் வந்து பார்த்த பிறகுதான், அது பழுதல்ல, கணக்கில் மட்டும் இருந்த ஒளி என்று புரிந்தது.

முடுக்கி கட்டியவர்களுக்கு அது வீண் நஷ்டம். இன்றோ அந்த நஷ்டத்துக்காகவே வளையங்கள் கட்டுகிறார்கள். நம் இந்தூரில் உள்ள இண்டஸ்-2 வளையத்தின் சுற்றளவு சுமார் 172 மீட்டர். எலக்ட்ரானின் சக்தி 250 கோடி எலக்ட்ரான் வோல்ட். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், சிங்க்ரோட்ரான் எக்ஸ்ரேயின் துணையோடுதான் ரைபோசோமின் அமைப்பைக் கண்டார். 2009-இல் நோபல் பரிசும் பெற்றார்.

'டிப்ளமோதானே' என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் ஹேபரை நினைத்துக்கொள்ளுங்கள். வெற்றிட பம்பு, குளிர்நீர்க் குழாய், காந்தத்துக்கு மின்சாரம்: இவற்றைக் காக்கும் கைகள் இல்லாமல் எந்த வளையமும் ஒளிராது. லேபில் விபரீதமாக ஏதாவது தெரிந்தால் உடனே சொல்லுங்கள். அது பழுதாகவும் இருக்கலாம். புது வெளிச்சமாகவும் இருக்கலாம்!