பத்து வீட்டைக் கேட்டால் ஊர் தெரியுமா?

இடம்பெயர்ந்து வாழும் எம்மிடம் வினாக்கொத்துடன் வந்து போனவர்கள் பலர். நூறு குடும்பங்களில் பத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பார்கள். பானைச் சோறு ஒரே நெருப்பில் வெந்தது. குடும்பங்களும் அப்படியா?

ஒரு கணக்குப் பார்ப்போம். நூறு குடும்பங்களில் பத்துக் குடும்பங்களுக்கு விதைநெல் கடன் தர எவருமில்லை என வைத்துக்கொள்வோம். சீட்டுக் குலுக்கிப் பத்துக் குடும்பங்களைத் தெரிவுசெய்தால், கடன் கிடைக்காத ஒரு குடும்பமேனும் அகப்படாமற்போக ஏறக்குறைய மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்போது அறிக்கை "குறையில்லை" என்றே சொல்லும். முப்பது குடும்பங்களைக் கேட்டால் அந்த வாய்ப்பு நூற்றில் இரண்டளவாகக் குறையும். உள்ள குறையைக் கண்டுபிடிக்கும் இந்த ஆற்றலையே புள்ளிவிபரவியலில் ஆய்வின் வலு என்பர்.

யார் யாருக்கு உதவுகிறார் என்பதை அறிவது இன்னும் கடினம். நூறு குடும்பங்களிடையே 200 உதவித் தொடர்புகள் இருந்தாலும், எழுமாறாக எடுத்த பத்துக் குடும்பங்களுக்குள்ளே அடங்குவது சராசரியாக இரண்டே. வலையில் பத்து முடிச்சுகளை வெட்டியெடுத்தால் வலை கிடைக்காது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிரைஸ் ரயனும் நீல் குறோசும் இரண்டு விவசாயச் சமூகங்களை ஆராய்ந்து 1943இல் முடிவுகளை வெளியிட்டனர். மாதிரி எடுக்காமல் எல்லா விவசாயிகளையும் தேடிச் சென்றனர். ஆய்வில் சேர்ந்த 259 பேரில் இருவர் தவிர அனைவரும் 1928க்கும் 1941க்கும் இடையில் கலப்பினச் சோளன் விதைக்கு மாறியிருந்தனர். செய்தியைக் கொண்டுவந்ததில் விதை வியாபாரிக்கும், மனத்தை மாற்றியதில் அயலவருக்கும் கூடிய பங்கு இருந்தது. ஆனால் எந்த அயலவர் என்று பெயர் கேட்டு எழுதாததால், விதை பரவிய வழியை வரைய முடியவில்லை. ரயன் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர்.

பெயர்ப்பட்டியல் இல்லாத இடங்களில் ஒருவரைக் கேட்டு, அவர் காட்டும் ஆளிடம் போய், சங்கிலியாகத் தொடர்வதுண்டு. இதில் பலரை அறிந்தவர் எளிதில் அகப்படுவார். ஒதுங்கி வாழும் விதவைத் தாய் விடுபடுவார். ஒரே இனசனத்தார் இருபது பேர் சொன்ன ஒரே கதை இருபது சாட்சியாகாது. 1997இல் டக்ளஸ் ஹெக்கதோர்ன் முன்வைத்த முறையில், ஒருவர் அழைத்துவரக்கூடியவர்களின் தொகைக்கு எல்லை உண்டு. பின்னர் வளர்ந்த கணிப்பு முறைகள் பலரை அறிந்தவரின் பதிலுக்கு நிறையைக் குறைக்கின்றன. எனினும் எவரும் அறியாத வீட்டை எந்தச் சங்கிலியும் எட்டாது.

ஆகவே அடுத்த முறை வினாக்கொத்து வரும்போது நாமும் மூன்று கேள்வி கேட்போம். எத்தனை குடும்பங்களைக் கேட்கிறீர்கள்? எப்படித் தெரிவுசெய்தீர்கள்? யார் விடுபட்டார்கள்? மூன்றாவதற்கு அவர்களிடம் விடை இராவிட்டால், கடைசிக் கொட்டிலுக்கு வழி காட்டுவது எமது கடமை.